பதினாலடிக் குடியரசு

வனத்துறை வரைபடம் இந்தக் கல்லில் முடிகிறது.
வருவாய்த்துறை வரைபடம்
அந்தக் கல்லில் தொடங்குகிறது.
நடுவே பதினாலு அடி அகலம்,
ஓடைவரை நீளம்,
ஒரு நெல்லிமரம், நிறைய உண்ணிச்செடி.
யார் கணக்கிலும் இல்லை.

முப்பத்தோரு வருஷம் சங்கிலி இழுத்த
சர்வேயர் ஞானாதிக்கம்
ஓய்வுபெற்ற மறுவாரம் அங்கே ஒரு குடையை நட்டு
இடைநாடு என்று பேர் வைத்தார்.
சேரம்பாடி போஸ்ட் ஆபீசிலிருந்து
மூன்று பேருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தார்:
கலெக்டர், ஐ.நா. சபை, அவருடைய மச்சான்.
மச்சான் மட்டும் பதில் போட்டார்,
பழைய கடன் பாக்கி பற்றி.

நான் டான்டீயில் கொழுந்தெடுப்பவள்.
லயத்திலிருந்து காலைப் பெரட்டுக்குக் குறுக்குவழி
அவர் நாட்டின் ஊடேதான்.
"நில்லுங்க. பாஸ்போர்ட்?"
கூடையைக் கவிழ்த்துக் காட்டினேன்.
கம்பளியை உதறிக் காட்டினேன்.
கடைசியில் பேங்க் பாஸ்புக்.
"பாஸ் வரைக்கும் சரியா இருக்கு, மிச்சத்தைப் பொறுத்துக்கலாம்"
என்று ரப்பர் முத்திரை குத்தினார்.
வர ஒன்று, போக ஒன்று.
மாசக் கடைசியில் பக்கம் தீர்ந்துபோக
நிரந்தர விசா கிடைத்தது.

தேசிய கீதம் இல்லை; அவருக்குப் பாட வராது.
தேசிய விலங்கு, அட்டை.
குடியுரிமை அட்டை தனியாக அச்சடிக்கும்
செலவு மிச்சம் என்றார்.
ஆனி மழையில் என் கெண்டைக்காலில்
நாலு குடியுரிமை ஒட்டியிருந்தது.
உப்பு வைத்து உதிர்த்தேன்.
அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.
எனக்கு ஒரு பக்கக் கன்னத்தில்தான் சிரிப்பு வந்தது.

அன்றைக்கு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு லயக் காம்பராவில்.
நான் பிறக்கும் முன்னாலேயே
இரண்டு கையெழுத்து
எங்களைத் தலை எண்ணிப் பிரித்துவிட்டது.
இத்தனை லட்சம் உனக்கு,
இத்தனை எனக்கு,
மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்.
நாங்கள் மிச்சம்.
கப்பல் ஏறும்போது எனக்குப் பதினோரு வயசு.
மண்டபம் முகாமில் ஒருவர் பேரைக் கேட்டார்.
சொன்னேன்.
வேறொன்றை எழுதினார்.
இன்றைக்கும் சம்பளம் அந்தப் பேரில்தான்.

ஞானாதிக்கம் பிளாஸ்க்கை மூடினார், திறந்தார், மூடினார்.

மறுநாள் அரசியல் சாசனத்தைக் காட்டினார்.
நாற்பது பக்க நோட்டு.
முன்பு எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு
மேலே ஒரே வரி:
பிரிவு ஒன்று. பேர் கேட்டால்
சொன்ன பேரையே எழுத வேண்டும்.
பிரிவு இரண்டு கடைசிவரை வரவே இல்லை.
"சொல்லுங்க" என்றார், பேனாவைத் திறந்து.
நாற்பத்தாறு வருஷம் கழித்து
ஒரு அரசாங்கம் அதை எழுதியது,
ழகரம் பிசகாமல்.

தை மாதம் டிரோன் வந்தது.
இரண்டு பையன்கள், ஒரு முக்காலி,
வானத்திலிருந்து இறங்கும் கணக்கு.
சாப்பாட்டு நேரத்துக்குள் கல்லைப் பிடுங்கிப்
பதினாலு அடி தள்ளி நட்டார்கள்.
ஞானாதிக்கம்தான் நூல் பிடித்துக் கொடுத்தார்.
"கோணினா பின்னால வர்றவனுக்குத் தொல்லை."
பிறகு குடையை மடக்கினார்.
அவ்வளவுதான்.

"உங்க ஜனங்க இனி எங்க போவாங்க?"
"தாயகம் திரும்புவாங்க" என்றார்.
சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டார்.
பரவாயில்லை என்றேன். வெகுநேரம்
இருவரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
கல் இருந்த பள்ளம், கொஞ்சம் தண்ணீர்.

போன வாரம் பேங்கில் அந்தப் பெண்
பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.
"இது எந்த ஆபீஸ் சீலும்மா?"
பின்னால் வரிசை நெளிந்தது.
"இப்ப மூடிட்டாங்க" என்றேன்.
"அங்க எனக்குப் பேர் வேற."